இடியன் துவக்கும் அறுக்கும் கத்தியும்: கிழக்கின் கோடைக் கடைசி மான் வேட்டை பற்றிச் சில குறிப்புகள்

இடியன் துவக்கு என்பது சனங்கள் வைத்த பெயர். குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பை வைத்துக் கம்பியால் இடித்து, அதன்மேல் ஈயத்தைப் போட்டு, மறுபடியும் தும்பு வைத்து இடிப்பதால் அது இடியன். வெடிக்கும்போது இடி முழங்குவதுபோலக் கேட்பதால்தான் அந்தப் பெயர் என்று சொல்பவர்களும் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள. நான் முதலாவது கட்சி. தோட்டாப் போடும் துவக்கும் இடி மாதிரித்தான் முழங்குகிறது. அதை யாரும் இடியன் என்பதில்லை.

துவக்கு என்ற சொல்லுக்கும் ஒரு பயணம் உண்டு. தமிழகத்தார் துப்பாக்கி என்கிறார்கள், நாம் துவக்கு என்கிறோம், சிங்களத்தில் துவக்குவ. மூன்றுக்கும் வேர் துருக்கிச் சொல் ஒன்று. போர்த்துக்கேயர் இந்தக் கரைகளுக்குக் கொண்டுவந்த ஆயுதத்தைப் போர்த்துக்கேயப் பெயரால் அழைக்காமல், துருக்கியிலிருந்து பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்த பெயரால் நம்மவர்கள் அழைத்தார்கள் என்பது எனக்கு எப்போதும் சுவையான விஷயம். அறபியில் வேறு கதை. அங்கே துவக்குக்குப் பெயர் புந்துகிய்யா. புந்துக் என்றால் ஒருவகைக் கொட்டை. பிறகு அந்தக் கொட்டையளவில் களிமண்ணால் உருட்டிச் சுட்டு, வில்லில் வைத்து எய்யும் உருண்டைக்கும் அதுவே பெயரானது. வெனிஸ் நகரத்துக்கு அறபிகள் வைத்த பெயரிலிருந்து வந்தது என்போரும் உண்டு. எப்படியிருந்தாலும் களிமண் உருண்டையின் பெயர் ஈயக் குண்டுக்கும் வந்து சேர்ந்தது. இந்தப் பெயர் ஒற்றுமை வெறும் மொழியியல் வேடிக்கை அல்ல. நமது பிக்ஹு நூல்களில் அது ஒரு பெரிய வழக்கையே உண்டாக்கியிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுதுபவர்கள் வயலையும் கடலையும் நெசவையும் வணிகத்தையும் எழுதுகிறார்கள். காட்டை எழுதுவது குறைவு. ஆனால் ஏறாவூர் தொடக்கம் பொத்துவில் வரை நமது ஊர்கள் பெரும்பாலானவற்றுக்குக் கிழக்கே கடல் என்றால் மேற்கே காடுதான். இடையில் வயல். கல்லோயாத் திட்டம் வருவதற்கு முன் அந்தக் காடு இன்னும் கிட்டத்தில் இருந்தது. வயலுக்குப் போனவன் காட்டுக்கும் போனான். பன்றியும் யானையும் வெள்ளாமையில் விழாமல் காக்கத் துவக்கு தேவைப்பட்டது. பன்றிக்காக வாங்கிய துவக்கு கோடையில் மானுக்குத் திரும்பியது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

ஏன் கோடைக் கடைசி? மூன்று காரணங்கள். சிறுபோக வெட்டு ஆவணியோடு ஒருவழியாக முடியும். ஐப்பசி மழைக்கு முன்னால் பெரும்போக வேலை தொடங்காது. வயற்காரனுக்குக் கை சும்மா கிடக்கிற காலம் அதுதான். இரண்டாவது, தண்ணீர். ஆனி ஆடியில் காட்டுக்குள் நிறையக் குளங்களிலும் மடுக்களிலும் தண்ணீர் நிற்கும்; மான் எங்கே குடிக்கும் என்று யாருக்கும் சொல்ல முடியாது. புரட்டாதி பிறக்கும்போது பத்து மடு ஒன்றாகச் சுருங்கிவிடும். மூன்றாவது, மருந்து. கரிமருந்துக்கு ஈரம் ஆகாது. மழைக்காற்று அடிக்கத் தொடங்கினால் கேப்பு மட்டும் சடக்கென்று வெடிக்கும், துவக்கு வெடிக்காது. ஆகவே முதல் மழை இருட்டிக்கொண்டு வருவதற்கு முந்திய அந்த மூன்று நான்கு கிழமைகள்தான் இடியன்காரர்களின் பருவம்.

என் உம்மாவின் சாச்சா ஒருவர் அந்தப் பருவத்தில் இருபது வருடங்களுக்குமேல் காட்டுக்குப் போய்வந்தவர். எங்களுக்கு மூத்தவாப்பா முறை. அவர் இருந்த காலத்தில் பல இரவுகள் அவரோடு இருந்து கேட்டு எழுதிவைத்த குறிப்புகள் என்னிடம் உள்ளன. பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். "லைசன் துவக்குத்தான் மகன், ஆனா மானுக்கு லைசன் இல்லியே" என்று சிரித்தார்.

அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே கொஞ்சம் தருகிறேன். "நாம மானத் தேடிப் போறல்ல, தண்ணியத் தேடிப் போற. மடுவுக்குக் காத்துப் படாத பக்கமாக் குழி வெட்டி, கொப்பு வெச்சி மறச்சி, அசருக்குப் பொறகு இறங்கிருவம். பீடி இல்ல, வெத்தில இல்ல, இருமல் வந்தாத் துண்டக் கடிச்சிக்கிற. காத்து நம்மட மூஞ்சிக்கு அடிக்கோணும். முதுகுல அடிச்சா எழும்பிப் போயிரணும், அண்டைக்கு வேல இல்ல. முதல்ல மயில் வரும், பொறகு குரங்கு. குரங்கு சத்தம் போடாம இரிந்தா மான் வரும். கொம்பன் கடைசியாத்தான் வருவான். பிணையெல்லாம் குடிச்சி ஒண்டும் நடக்கல்ல எண்டு கண்ட பொறகுதான் அவரு தலயக் குனிவாரு."

கொம்பனைப் பற்றிப் பேசும்போது மட்டும் மரியாதைப் பன்மை வருவதைக் கவனித்தேன். எழுத்தில் பிழை என்று யாரும் திருத்திவிட வேண்டாம்.

தூரம் இருபது யாருக்குள். அதற்கு மேலே இடியனை நம்ப முடியாது. குழலுக்குள் வரி இல்லை. உருண்டை ஈயம் போகும் வழியில் தன்பாட்டுக்குத் திரும்பும். மருந்தைக் கையளவால்தான் எடுப்பார்களாம்: உள்ளங்கையில் ஈயக் குண்டை வைத்து அது மறையுமட்டும் மருந்து கொட்டுவது. கூடினால் குழல் பிளக்கும், குறைந்தால் குண்டு தோலோடு நின்றுவிடும். வெடி ஒன்றுதான். வெடித்தவுடன் வெள்ளைப் புகை ஒரு பாறைபோல முன்னால் நிற்கும். மான் விழுந்ததா ஓடியதா என்று தெரியாது. மறுபடி கெட்டிப்பதற்கு ஒரு நிமிடத்துக்கு மேலே தேவை. அதற்குள் காடே காலியாகிவிடும்.

"அந்தப் பொகைக்குள்ள கத்தியோட ஓடுறவன்தான் மகன் வேட்டக்காரன். துவக்கு வெச்சிரிக்கவன் சும்மா வெடிகாரன்."

இந்த ஒரு வாக்கியத்தில்தான் நமது வேட்டைக்கும் மற்றவர்களுடைய வேட்டைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் கிடக்கிறது. மூத்தவாப்பாவின் கூட்டத்தில் எப்போதும் இரண்டு பேர். ஒருவர் துவக்கு, மற்றவர் கத்தி. கத்திக்காரர் இளையவராக, ஓட்டக்காரராக இருக்க வேண்டும். பிஸ்மி சொல்லி அறுக்கத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். குழிக்குள் இருக்கும்போதே செருப்பைக் கழற்றி, சாரனை மடித்துக் கட்டி, கத்தியை உறையிலிருந்து எடுத்துத் தயாராக வைத்திருப்பார். பங்கு பிரிக்கும்போது துவக்குக்காரருக்கும் கத்திக்காரருக்கும் ஒரே அளவு. துவக்கின் சொந்தக்காரர் வேறு ஆளாக இருந்தால் அவருக்கு ஒரு சிறு பங்கு. மற்றதெல்லாம் ஊருக்கு.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள நூல்களுக்குப் போக வேண்டும். அடிபட்டுச் செத்ததை உண்ணக்கூடாது என்பது சூரத்துல் மாயிதாவின் தொடக்கத்திலேயே வரும் சட்டம். கழுத்து நெரிபட்டது, விழுந்து செத்தது, முட்டுப்பட்டுச் செத்தது எல்லாம் அதே பட்டியலில்தான். வேட்டைக்கு இந்தச் சட்டத்தை எப்படிப் பொருத்துவது என்று அதீ இப்னு ஹாதிம் (றழி) அவர்கள் நபிகளாரிடம் நேரே கேட்டிருக்கிறார்கள். அவர் கேட்டது மிஃறாழ் என்ற ஒருவகைக் கோலைப் பற்றி. அதன் கூர் குத்திக் கிழித்துச் செத்தால் சாப்பிடலாம், அகலப் பக்கம் அடித்துச் செத்தால் கூடாது என்பது கிடைத்த விடை. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி. ஆகவே அம்பு ஹலால், கல் ஹறாம். களிமண் உருண்டையும் கல்லின் பக்கந்தான் சேர்ந்தது, கூர் இல்லாததால்.

பிறகு துவக்கு வந்தது. அது அம்பா, கல்லா?

இந்தக் கேள்விக்கு நமது மதரஸாக்களில் இன்றும் ஓதப்படும் நூல் ஒன்றிலேயே விடை இருக்கிறது. பொன்னானியைச் சேர்ந்த ஸைனுத்தீன் மக்தூம் அவர்களின் பத்ஹுல் முஈன். 16ஆம் நூற்றாண்டு. 1498இல் போர்த்துக்கேயர் மலபாரில் வந்திறங்கிய பின் அந்தக் கரை பட்ட பாட்டைத் துஹ்பதுல் முஜாஹிதீன் என்ற வரலாற்று நூலில் எழுதியவரும் இவரேதான். துவக்கு என்ன செய்யும் என்பதைத் தூரத்திலிருந்து கேள்விப்பட்டு எழுதியவர் அல்ல. அவர் இரண்டு புந்துக்குகளைப் பிரித்துப் பேசுகிறார். பழைய வழக்கத்துக் களிமண் உருண்டையால் எறிவது ஆகும். உயிரோடு பிடித்து அறுத்தால் சாப்பிடலாம். தன் காலத்தில் வழக்கத்துக்கு வந்திருக்கும், இரும்பால் செய்து நெருப்பால் எறியப்படும் புந்துக்கால் வேட்டைப் பிராணியைச் சுடுவது கூடாது. காரணம், அது எரிக்கிறது. பெரும்பாலும் உடனே கொன்றுவிடுகிறது, அறுக்க அவகாசம் தருவதில்லை. ஆனால் ஒரு விதிவிலக்கைத் தன் ஆசிரியர் இப்னு ஹஜர் ஹைதமீயின் கருத்தாகச் சேர்க்கிறார்: கை தேர்ந்த ஒருவன், குண்டு பெரிய பறவையின் சிறகு போன்ற இடத்தில் மட்டும் பட்டுக் கிழிக்கும் என்று அறிந்திருந்தால், ஆகும் என்று சொல்ல இடமுண்டு.

மற்ற மத்ஹபுகளில் வேறு வேறு முடிவுகள். டமஸ்கஸைச் சேர்ந்த ஹனபி அறிஞர் இப்னு ஆபிதீன், ஈயக் குண்டு காயப்படுத்துவது சூட்டாலும் பாரத்தாலும்தானே தவிரக் கூரால் அல்ல என்று சொல்லித் தடுக்கிறார். யெமனின் ஷௌகானீ, அது துளைத்துக்கொண்டு போகிறது, ஆகவே அம்பு போன்றது என்று ஆகுமாக்குகிறார். மாலிகிகளிலும் பின்வந்தோர் ஆகும் என்றார்கள். இப்னு ஆபிதீனும் ஷௌகானீயும் ஒரே காலத்தவர்கள், 1830களில் ஒருவர் பின் ஒருவராக மறைந்தவர்கள். இருவர் முன்னாலும் இருந்தது ஒரே பொருள், வாய்வழி கெட்டிக்கும் துவக்கு. ஒருவர் அதன் பாரத்தைப் பார்த்தார், மற்றவர் அதன் துளையைப் பார்த்தார்.

நமது ஊர்களில் ஷாபிஈ வழக்கு. மூத்தவாப்பா பத்ஹுல் முஈனைத் திறந்து பார்த்தவரல்ல. ஊர் லெப்பை சொன்னதுதான் அவருக்குச் சட்டம்: உயிரோடு பிடித்து அறுத்தால் ஹலால், செத்துப்போனால் தொடாதே. உயிர் இருந்ததற்கு என்ன அடையாளம் என்று கேட்டேன். "அறுத்தா இரத்தம் பீச்சி அடிக்கோணும். கால ஒதறோணும். சும்மா வழிஞ்சா அது போன உசிரு." நூல்களில் நிலையான உயிர் என்பதற்குச் சொல்லப்படும் அடையாளங்களும் கிட்டத்தட்ட இவைதான், பலமான அசைவு, பீறிடும் இரத்தம். இந்த வசனத்தை அவர் லெப்பையிடம் கேட்டாரா, காட்டிலே கற்றாரா என்று பிரித்துச் சொல்ல அவராலேயே முடியவில்லை.

வைக்கும் இடமும் இதனால் மாறியது. தலைக்கும் நெஞ்சுக்கும் வைக்கமாட்டார்கள். முன்சப்பையின் மேல்பக்கம், அல்லது பின்தொடை. விழுத்த வேண்டும், கொல்லக் கூடாது. 19ஆம் நூற்றாண்டின் இங்கிலீஷ் வேட்டைக்காரர்களின் புத்தகங்களை வாசித்தவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். ஒரே வெடியில் நின்ற இடத்திலேயே உயிர் போவதுதான் அவர்களுக்குப் பெருமை. நமது ஆளுக்கு அது நட்டம். மிருகத்துக்கு எது இலேசு என்று கேட்டால் இங்கிலீஷ்காரன் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் நான் சொல்வேன். மூத்தவாப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. "அதுக்குத்தான் மகன் ஓடுற. மெதுவா நடந்து போனா அது பாவம்" என்றார்.

இன்னொரு நூலையும் இங்கே சொல்லியாக வேண்டும். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் என்று ஒன்று உண்டு. வேடன் ஒருவனிடம் அகப்பட்ட பெண்மான், தன் கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று முறையிட, நபிகளார் அதற்குப் பிணையாக நிற்கிறார்கள். மான் சொன்னபடி திரும்பி வருகிறது. பிணை என்ற சொல்லுக்குத் தமிழில் பெண்மான் என்றும் பொருள், ஜாமீன் என்றும் பொருள். தமிழ் படித்தவர்களுக்கு இந்தப் படலத்தின் பெயரே ஒரு விருந்து. சீறா வாசிப்பு நமது ஊர்களில் ஒருகாலத்தில் இரவிரவாக நடந்தது. கேட்டிருந்தவர்களில் வேட்டைக்காரர்களும் இருந்தார்கள். மூத்தவாப்பாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது, ஆனால் அந்தக் கதை வரிசையாகத் தெரியும். பால்குடிக் குட்டியோடு வந்த பிணைக்கு அவர்கள் வைப்பதில்லையாம். சட்டம் அதற்குக் காரணம் இல்லை. சட்டத்தில் கொம்பன், பிணை எதுவுமே அவருக்கு ஆகாதுதானே. "சீறால கேட்டதுக்குப் பொறகு எப்பிடி மகன் வைக்கிற" என்றார். ஒரு காப்பியம் ஒரு மானையாவது காப்பாற்றியது என்பதற்குக் கைவசம் வேறு ஆதாரம் எனக்குத் தெரியாது.

இது ஊருக்குள் நடந்த வேட்டை. இறைச்சிக்கானது. ஆனால் காட்டோடு நமக்கிருந்த தொடர்பு இறைச்சியோடு முடியவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை ஒரு பக்கத் தராசாகிவிடும்.

1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட தன் பெரிய நூலில் யானை பிடிக்கும் பணிக்கர்களைப் பற்றி எழுதுகிறார். வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள முஸ்லிம் ஊர்களைச் சேர்ந்தவர்கள் என்றும், தலைமுறை தலைமுறையாக அந்தத் தொழிலைச் செய்பவர்கள் என்றும் குறிப்பிடுகிறார். கையில் தோல்வார்க் கயிறு மட்டும் கொண்டு யானையின் பின்னங்காலில் சுருக்கு மாட்டும் அந்தத் துணிச்சலை நமது ஆய்வாளர்கள் பெருமையோடு மேற்கோள் காட்டுகிறார்கள். நானும் காட்டுவேன். ஆனால் அந்தக் கயிறு எதனால் ஆனது? மரைத் தோலாலும் எருமைத் தோலாலும். ஒவ்வொரு யானைக்கும் பின்னால் சில மரைகள் போயிருக்கின்றன.

அடுத்தது தவளம். பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் புடவையும் ஏற்றிக்கொண்டு நமது வணிகர்கள் காட்டு வழியாக மலைநாட்டுக்குப் போனார்கள். திரும்பும்போது பாக்கும் தேனும் மெழுகும் மான்தோலும் கொம்பும் வந்தன. வேடர்களோடு பண்டமாற்றும் இதே பாதையில் நடந்தது. 1681இல் அச்சான றொபட் நொக்ஸின் நூலில், வேடர்கள் இரவில் கொல்லன் பட்டறையில் இறைச்சியையும் அம்புத்தலையின் மாதிரியையும் வைத்துவிட்டுப் போவது பற்றி வருகிறது. முகம் பார்க்காத வணிகம். 1911இல் செலிக்மன் தம்பதியர் வேடர்களைப் பற்றி நூல் எழுதும் நேரத்தில் முகம் பார்த்துப் பேசும் வியாபாரிகள் காட்டுக்குள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். வில்லுப் பிடித்த வேடன் கைக்கு இடியன் துவக்குப் போனதும், மருந்தும் ஈயமும் கடனாகப் போனதும், அதற்கு ஈடாகத் தோலும் காய்ந்த இறைச்சியும் வந்ததும் அந்த வணிகத்தின் ஒரு பகுதி. தோல் வாங்கியவனுக்கு மான் எப்படிச் செத்தது என்ற கேள்வி இல்லை. பதனிட்ட தோலுக்கு அறுப்புச் சட்டம் குறுக்கே நிற்பதுமில்லை. ஆகவே குழிக்குள் இருந்த கத்திக்காரனின் கட்டுப்பாடு கடைக்காரனுக்கு இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து மான்தோலும் கொம்பும் கப்பலேறியதில் ஐரோப்பியக் கம்பனிகளுக்கு மட்டும் பங்கு என்று நாம் எழுதினால் அது வரலாறாகாது.

அதேநேரம் பெரிய கணக்கு எங்கே இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்த மேஜர் றோஜர்ஸ் 1,400க்கு மேல் யானைகளைச் சுட்டவர் என்று பேர்போனவர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். 1848க்கு முந்திய மூன்று வருடங்களுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டதாக டெனன்ட் எழுதுகிறார். அதற்கு அரசாங்கம் சன்மானமும் கொடுத்தது. சாமுவேல் பேக்கர் 1846இல் இங்கே வந்து, நுவரெலியாவில் குடியிருந்து, 1855இல் போனார். அவருடைய வேட்டை நூல்களில் நமது வழிகாட்டிகளையும் யானை பிடிப்போரையும் மெச்சுகிறார். அவர் கையில் இருந்ததும் வாய்வழி கெட்டிக்கும் துவக்குத்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் எல்லாருக்கும் அதுதான். வித்தியாசம் என்னவென்றால், பேக்கருக்குப் பின்னால் கெட்டித்த துவக்குகளோடு ஆட்கள் நின்றார்கள். ஒன்று வெடித்ததும் மற்றதை நீட்டுவார்கள். மூத்தவாப்பாவுக்குப் பின்னால் கத்தியோடு ஒருவர்தான்.

பிறகு சட்டங்கள் வந்தன. யானை, எருமை முதலியவற்றை வீணாக அழிப்பதைத் தடுக்க 1872இல் ஒரு கட்டளைச் சட்டம், 1885இல் காட்டுக் கட்டளைச் சட்டம், 1894இல் வேட்டைப் பிராணிப் பாதுகாப்புச் சங்கம், 1916இல் சுடுகலன் கட்டளைச் சட்டம், கடைசியாக 1937இன் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். சங்கத்தை அமைத்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார வேட்டைப் பிரியர்கள். மான் முடிந்துபோனால் வேட்டையும் முடிந்துபோகும் என்ற பயம் அவர்களுக்கு. யார் காட்டை அழித்துத் தேயிலையும் கோப்பியும் போட்டார்களோ அவர்களே காட்டின் காவலர்களாகவும் ஆனார்கள். அநுமதிப்பத்திரமும் தடைக்காலமும் வந்தபின் கிராமத்தவனின் வேட்டைக்குப் பெயர் மாறியது. பங்களாவில் இருந்து புறப்பட்டால் வேட்டை, வாடியில் இருந்து புறப்பட்டால் களவு.

ஆனாலும் அந்தச் சட்டங்கள் இல்லாமல் இன்று புள்ளிமானே மிஞ்சியிருக்குமா என்று கேட்டால், மிஞ்சியிருக்காது என்பதே என் எண்ணம். சட்டம் போட்டவனின் நியத்து வேறு, அதனால் விளைந்த பயன் வேறு. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டத் தேவையில்லை.

எங்கள் பக்கத்தில் வேட்டையை முடித்தது சட்டத்தைவிடக் கூடுதலாக மற்ற இரண்டும். ஒன்று கல்லோயா. 1949இல் அபிவிருத்திச் சபை அமைந்து, சேனாநாயக்க சமுத்திரம் கட்டி, காடு வெட்டிக் குடியேற்றங்கள் வந்தன; 1954இல் நீரேந்தும் பகுதி தேசியப் பூங்காவானது. மூத்தவாப்பா பெயர் சொன்ன மடுக்களில் சில இப்போது தண்ணீருக்கு அடியில், சில கரும்புக்கும் நெல்லுக்கும் அடியில். மதுறு ஓயாப் பூங்கா 1983இல் வந்தபோது தம்பானை வேடர்கள் தங்கள் வேட்டைக் காட்டையே இழந்தார்கள். அந்தக் கதை நம்முடையதைவிடக் கனமானது. மற்றது யுத்தம். எண்பதுகளில் காட்டுக்குள் துவக்கோடு போகிறவன் ஒரு பக்கத்துக்கு அல்லது மறு பக்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவனானான். லைசன் துவக்குகளை இயக்கங்கள் தேடி வந்தன; பாதுகாப்புக்காக ஒப்படைக்கும்படி அரசாங்கமும் கேட்டது. மூத்தவாப்பா தன் இடியனைக் கொண்டுபோய் ஒரு நிலையத்தில் கொடுத்தார். துண்டு ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். துவக்குத் திரும்பி வரவில்லை. அவரும் போய்க் கேட்கவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு காட்டுக்குப் போகிறவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் கட்டுத்துவக்கு. குழாய்த் துண்டு ஒன்றில் அதே மருந்து, அதே தும்பு, அதே ஈயம். மிருகம் வரும் தடத்தில் நூல் கட்டி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வது. விடிய யார் காலில் பட்டிருக்கிறதோ தெரியாது. விறகு பொறுக்கப் போனவர்கள், தேன் எடுக்கப் போனவர்கள், மாடு தேடிப் போனவர்கள் முழங்காலுக்குக் கீழே கிழிந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். யானைக்குப் பட்டால் புண் பிடித்து மாதக்கணக்கில் நொண்டித் திரிந்து சாகிறது. பிக்ஹுப்படி பார்த்தாலும் இதில் தப்ப வழியில்லை. ஆள் இல்லாத இடத்தில் வெடித்து, விடியும்வரை கிடந்து செத்த மான் எந்த மத்ஹபில் ஹலாலாகும்? ஷௌகானீயின் கருத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அவர் பேசியது குறிபார்த்துச் சுடுகிறவனைப் பற்றி. வியாபாரத்துக்கு வரும் வற்றல் இறைச்சியை வாங்கும்போது அறுத்தவர் யார் என்று கேட்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? கோழிக்கு ஹலால் முத்திரை தேடுகிற வீடுகளிலேயே இது நடக்கிறது.

மூத்தவாப்பாவிடம் கட்டுத்துவக்கைப் பற்றிக் கேட்டபோது அவர் முகம் சுளித்த விதத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. "அது வேட்ட இல்ல, அது தூண்டில்" என்றார். பிறகு நான் கேட்காமலே ஒரு கணக்குச் சொன்னார். இருபது வருடத்தில் கத்தி போய்ச் சேர்வதற்குள் செத்துப்போன மான் மூன்று. மரை ஒன்று.

"அதுகள என்ன செஞ்ச?"

"ஒண்டு தடம் பாக்க நம்மளோட வந்த வேடன் எடுத்துக்கிட்டான். அவனுக்கு அந்தச் சட்டம் இல்லியே. மத்ததுகள் அங்கயே கெடந்திச்சி. பசி மகன், அப்ப ஊருல பஞ்சம். இரிந்தும் தொடல்ல."

இடியன் துவக்கின் பாகங்களையோ, கேப்பு டப்பாவையோ, மருந்துக் கொம்பையோ, பழைய லைசன் புத்தகத்தையோ வீட்டில் வைத்திருப்பவர்கள் இருந்தால் அவற்றின் படமும், யார் பாவித்தது, எந்தக் காடு, எந்த மடு என்ற விபரமும் இந்தச் சஞ்சிகைக்கு அனுப்பிவைத்தால் உதவியாக இருக்கும். மடுக்களின் பெயர்கள் முக்கியம். தேசப்படத்தில் இல்லாத பெயர்கள் என் குறிப்புப் புத்தகத்தில் மட்டும் பதினொன்று இருக்கின்றன. அவற்றில் ஆறு எங்கே கிடக்கின்றன என்று காட்டித்தர இப்போது ஊரில் ஆள் இல்லை.